இந்நாட்டில் அப்படியொரு சொல் இல்லை

அவரை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை பார்க்கும்போதும் அதுதான் முதல்முறை என்று நினைப்பார்கள். அப்படியொரு முகம். ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்கிடங்கில் சூப்பர்வைசர். ஊருக்கும் அவர் சூப்பர்வைசர்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில், உள்ளே மைனஸ் இருபதில் அட்டைப்பெட்டிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். வருடம் முழுக்கக் கம்பளிக் கோட்டு, வருடம் முழுக்க மூக்கடைப்பு. மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனோடு சேர்த்துக் குடும்பத்தையும் அவரே ஓட்டிவந்தார். சூப்பர்வைசர் பின்சீட்டில் சத்தம் போடாமல் உட்கார்ந்து வருகிற பிள்ளை.

இப்பேர்ப்பட்டவருக்குச் சொந்தமாக ஒரு நாடு இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

நாடு இணையத்தில் இருந்தது. ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, பல ஊர்களிலிருந்து பலபேர் ஒன்றாக ஆடும் விளையாட்டு. அதில் இவர் தோணிக்காரர். ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களை ஏற்றிச்சென்று இறக்கிவிடுவார். அவ்வளவுதான் வேடம்.

"ஏங்க, கத்தி கிடையாதா, குதிரை கிடையாதா? அங்கயும் போய் துடுப்புதானா?" என்று மனைவி கேட்டார்.

"உனக்குப் புரியாது. நான் போகலைன்னா அக்கரையில ஆளுங்க நின்னுட்டே இருப்பாங்க."

"இங்கயும் உங்க சாப்பாடு நின்னுட்டேதான் இருக்கு. அதையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

இதற்கு முன்னால் அவர் ஆடாத விளையாட்டு இல்லை. எதுவும் ஒத்துவரவில்லை. தங்கக் கவசம் போட்ட மாவீரர்கள் முயல் மாதிரி துள்ளிக்கொண்டே கடைத்தெருவில் போனார்கள். செத்தவன் உடனே எழுந்து வந்து அதே பூதத்திடம் மறுபடி செத்தான். ஒரு விளையாட்டில் அரசர் இறந்துபோய், குடிகளெல்லாம் திரண்டு நின்று, இவர் உண்மையாகவே நாற்காலியைவிட்டு எழுந்து நின்ற நேரத்தில், தலைமைக் குருவாக இருந்தவர் "ஒரு நிமிஷம், குக்கர் விசில் வந்துடுச்சு" என்று எழுதிவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கே இவர் அந்த உலகத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அவர் கேட்டது பெரிய ஆசை ஒன்றுமில்லை. செத்தால் செத்ததாக இருக்க வேண்டும். ஆறு பெருகினால் தோணி ஓடக்கூடாது. கடைக்காரன் தூங்கப்போனால் கடை பூட்டிக் கிடக்க வேண்டும். நேற்றுச் செய்த துரோகம் இன்றைக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே வந்தவர் முழுசாக உள்ளே இருக்க வேண்டும். பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஆடக்கூடாது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையிடம் கேட்டுக் கிடைக்காததையெல்லாம் விளையாட்டிடம் கேட்டார் என்று சொல்லலாம். விளையாட்டு, பாவம், கொடுத்துவிட்டது.

அந்த விளையாட்டை நடத்தியவர்கள், விரும்புகிற குழுவுக்கு ஒரு மூலையை ஒதுக்கி, சட்டதிட்டங்களையும் அவர்களிடமே விட்டிருந்தார்கள். இவருக்கு ஒரு மூலை கிடைத்தது. ஒரு ஆறு, ஒரு மலை, ஒரு சந்தை. உடனே சட்டம் போட உட்கார்ந்தார். வீட்டில் டிவி ரிமோட்டைக்கூடத் தொட அனுமதியில்லாத மனிதர் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்த உட்காரலை அவர் மனைவி சமையலறையிலிருந்து கவலையோடு பார்த்தார்.

முதல் சட்டம்: வெளியுலகச் சொல் எதுவும் உள்ளே வரக்கூடாது. போன், ஆபீஸ், கிடங்கு, பஸ், கரண்ட், டாக்டர், போலீஸ் என்று தொடங்கினார். மனிதர்கள் எத்தர்கள் என்பதால் 'நிஜமா', 'சத்தியமா', 'விளையாட்டு இல்ல' ஆகியவற்றையும் தடுத்தார். யாரும் நம்பர் கொடுத்துவிடாதபடி எண்களைத் தடுத்தார். ஊர்ப்பெயர்களையெல்லாம் தடுத்தார். மீறி எழுதினால் அந்த வரி யாருக்கும் போகாது. எழுதியவருக்கு மட்டும் சிவப்பில் ஒரு பதில் வரும்: 'இந்நாட்டில் அப்படியொரு சொல் இல்லை.'

அந்த வாசகத்தை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லாருக்கே," என்றார் மனைவி. "உங்கம்மா வர்றப்ப நம்ம ஹால்ல மாட்டிடலாம்."

இரண்டாம் சட்டம்: யார், எந்த ஊர், என்ன தொழில் என்று ஒருவரை ஒருவர் கேட்கக்கூடாது. மூன்றாவது சட்டமில்லை, வழக்கம். அதற்குப் பெயர் சோதனை. அவ்வப்போது அவரே திடீரென்று, "என் குடிசை எரியுது, மூச்சு முட்டுது, யாராவது வாங்க" என்று அலறுவார். வாளி எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் தேறியவர்கள். "ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? வெளியில நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டவர்கள் தோற்றவர்கள். தோற்றால் ஒரு பருவம் முழுக்க நாடு கடத்தல். இரண்டாம் முறை தோற்றால் திரும்பி வரவே முடியாது. மீன்காரி என்ற வேடத்தில் ஆடிய ஒரு பெண் அப்படி ஒருமுறை தோற்று, வெளியே கிடந்து, கெஞ்சிக் கூத்தாடித் திரும்பி வந்தவர்.

இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்கிறீர்களா? வந்தார்கள். கொல்லன் வந்தார், பாணர் வந்தார், மூலிகைக்காரி வந்தார், சந்தையே நிரம்பியது. தன்னை யாரென்று யாரும் கேட்காத இடத்துக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும் என்று சூப்பர்வைசரே எதிர்பார்க்கவில்லை.

தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள். அன்று நாட்டில் வெள்ளத் திருநாள். ஆறு கரையை உடைக்கும், தோணிக்காரர் இல்லாமல் முடியாது. வீட்டிலிருந்து ஆடினால் மனைவி வேனைக் கழுவக் கூப்பிடுவார். ஆகவே, "ஸ்டாக் எடுக்கணும், வர ராத்திரி ஆகும். போன் பண்ணாத, எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தார். மதியத்தோடு ஆட்கள் போய்விட்டார்கள். தூரத்து கேட்டில் வாட்ச்மேன் மட்டும். கேபினில் போனைச் சார்ஜில் போட்டார். வெள்ளம் வரச் சற்று நேரம் இருந்தது. ஒரு ஐஸ்கிரீம் எடுத்துவந்து சாப்பிட்டுக்கொண்டே ஆடலாம் என்று தோன்றியது.

ஒரு நிமிட வேலைக்குக் கோட்டு எதற்கு? சட்டையோடு போனார்.

அந்தக் கிடங்கில் உள்ளே நுழைகிறவர்கள் காலால் ஒரு அட்டைப்பெட்டியைத் தள்ளிக் கதவிடுக்கில் நிறுத்திவிட்டுப் போவது வழக்கம். உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் குமிழ் பழுதாகி நாளாகியிருந்தது. ரிப்பேருக்கு எழுதிப் போட்டாயிற்று, வரும். அபாய மணி கொஞ்சம் ஈரம் பட்டாலும் காரணமில்லாமல் அலறும் என்பதால் வாட்ச்மேன் வயரைப் பிடுங்கிவைத்திருந்தார். அதற்குச் சூப்பர்வைசரின் சம்மதமும் உண்டு. அவரும் வழக்கப்படி ஒரு பெட்டியைத் தள்ளினார். அது காலிப் பெட்டி.

கதவு பெரிய சத்தம் ஒன்றும் போடவில்லை. நல்ல கம்பெனிக் கதவு. காலிப் பெட்டியை அப்பளமாக நசுக்கி வெளியே துப்பிவிட்டு, முத்தம் கொடுப்பதுபோல் மூடிக்கொண்டது.

அவர் முதலில் சிரித்தார். குமிழைத் தள்ளினார். அது சும்மா சுற்றியது. மணியை அழுத்தினார். கதவைக் குத்தினார். ஒரு ஜாண் கனத்துக்குப் பஞ்சடைத்த கதவு. குத்தியது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. மேலே மின்விசிறிகள் குளிரை அள்ளி அள்ளி வீசின. வியர்வை ஈரத்தோடு இருந்த சட்டை முதுகில் அட்டைபோல் விறைத்தது. விடுமுறை முடிந்துதான் இனி இந்தக் கதவை யாராவது திறப்பார்கள் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அதுவரை யாரும் உள்ளே உயிரோடு இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

சுவரில் ஒரு டேப்லெட் இருந்தது. பெட்டிக் கணக்கையும் வெப்பநிலையையும் பதிவதற்காக, லேசாகச் சூடு தரும் கூட்டுக்குள் வைத்துத் திருகியிருந்தார்கள். கம்பெனி அதில் வேறெதையும் விட்டுவைக்கவில்லை. பேச முடியாது, செய்தி அனுப்ப முடியாது, எதையும் தேட முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்த ஒரு நண்பர், ஒரு பெட்டி மாம்பழ ஐஸ்கிரீமுக்கு ஈடாக, விளையாட்டை மட்டும் அதில் கமுக்கமாக ஏற்றித் தந்திருந்தார். சூப்பர்வைசர் ஓடிப்போய் அதைத் திறந்தார்.

படித்துறையில் தோணிக்காரர் தோன்றினார். சந்தை முழுக்கக் கூட்டம். வெள்ளம் வரப்போகிற பரபரப்பு.

'குளிர்கிடங்கில் மாட்டிக்கொண்டேன், போலீசுக்குப் போன் பண்ணுங்கள்' என்று எழுதி அனுப்பினார்.

இந்நாட்டில் அப்படியொரு சொல் இல்லை.

'இது நிஜம், சத்தியமாக விளையாட்டு இல்லை' என்று எழுதினார்.

இந்நாட்டில் அப்படியொரு சொல் இல்லை.

சட்டத்தை மாற்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாமல், உள்நாட்டுப் பாஷையில் எழுதினார். கையுறை இல்லாத விரல் ஒவ்வோர் எழுத்துக்கும் வலித்தது.

"பனிக்குகைல மாட்டிக்கிட்டேன். கதவு திறக்கல. ஆள் அனுப்புங்க."

கொல்லன்தான் முதலில் பதில் சொன்னார். "தோணிக்காரரே, படித்துறைல குத்துக்கல்லு மாதிரி நிக்கிறீங்க! எந்தக் குகை?"

"உடம்பு இங்க இருக்கு. உயிரை யாரோ குகைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க," என்றார் பாணர். "ஆஹா! சூனியம்!"

"சூனியம்னா வடக்கு மலைக் கிழவன்தான். இருங்க, சம்மட்டியை எடுத்துட்டு வரேன்."

"மலை இல்ல," என்று எழுதினார். "வேற இடம். குளிருது. சாகப்போறேன்."

"கேட்டீங்களா?" என்றார் பாணர். "தோணிக்காரர் வாயைத் திறந்தா நாலு கரைக்குப் பேசுவாரு. இன்னைக்குப் பாருங்க, சொல்லு சொல்லா உதிருது. சாவு கிட்ட வந்தா மனுஷன் இப்படித்தான் பேசுவான்."

எல்லாரும் கைதட்டினார்கள். திரையில் பூமாரி பொழிந்தது.

சூப்பர்வைசர் பெட்டிகளைக் கிழித்துக் காலில் சுற்றினார். பிளாஸ்டிக் விரிப்பை உருவி உடம்பில் போர்த்தினார். நின்ற இடத்திலேயே குதித்தார். குதித்துக்கொண்டே தெருவில் போன மாவீரர்களைவிட மோசமாகக் குதித்தார். டேப்லெட்டின் கூட்டில் விரல்களை வைத்துச் சூடேற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது, கொல்லன் தலைமையில் ஒரு படை பந்தம் ஏந்தி வடக்கு மலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தது. நல்ல மனிதர்கள். அவருக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அங்கே கொடுக்கிற உயிரை.

எண்கள் போகாது, எழுத்தால் சொன்னால் போகும் என்று திடீரென்று பொறி தட்டியது. ஒன்பது கெண்டை, எட்டு விரால் என்று மனைவியின் நம்பரை அனுப்பிவிடலாம்! துள்ளி எழுந்து, விரலை நீட்டி, அப்படியே நின்றார். மனைவியின் நம்பர் அவருக்குத் தெரியாது. அது போனுக்குத் தெரியும். ஆற்றில் எந்த இடத்தில் எத்தனை முழம் ஆழம் என்பது அவருக்கு மனப்பாடம்.

அப்போது, அதுவரை வாய் திறக்காதிருந்த மீன்காரி கேட்டார்.

"தோணிக்காரரே, குகைக்குள்ள என்ன இருக்கு?"

"பெட்டி. நிறைய."

"பெட்டி மேல என்ன எழுதியிருக்கு?"

அவர் கம்பெனியின் பெயரை எழுதினார். அதைத் தடுக்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. வரி போய்ச் சேர்ந்தது.

"அது எந்த அரக்கன் பேரு?" என்றார் மலையேறிக்கொண்டிருந்த கொல்லன்.

மீன்காரி அவரைக் கவனிக்கவில்லை. "குகை எங்க இருக்கு?"

ஊர்ப்பெயரை எழுதினார். சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி விரலைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். "பெரிய பாலம். மூடின சர்க்கரை ஆலை. அதுக்குப் பின்னால."

"மீன்காரி, பாத்து," என்றார் கொல்லன். "இவர் எப்பேர்ப்பட்டவர்னு உங்களுக்குத் தெரியாததில்ல. ஏற்கெனவே ஒருதடவை பட்டவங்க நீங்க. வெள்ள நேரத்துல கூடையைப் போட்டுட்டுப் போனா அப்புறம் வாசல் கிடையாது."

 மீன்காரி படித்துறையில் தன் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர் 'போங்கம்மா' என்று எழுதப் பார்த்தார். திரை அவருடைய விரலை விரல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மரக்கட்டையால் குத்துவது போலிருந்தது. மூக்கால் அழுத்திப் பார்த்தார்.

ஓர் அறிவிப்பு வந்தது: 'மீன்காரி நாட்டைவிட்டு வெளியேறினார்.'

உதவிக்குப் போனாரா, இவரும் இவருடைய சோதனையும் என்று சலித்துப்போய்ப் போனாரா? எழுந்து போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை.

நடுக்கம் மெல்ல நின்றது. அது நல்லதற்கில்லை என்று அவருக்குத் தெரியும். குளிரில் முதலில் உடம்பு ஆடும். ஆடுவதை நிறுத்தினால் கவலைப்படு என்று அவரே பலருக்குச் சொல்லியிருக்கிறார். பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்தார். திரை தெரிந்தது. படை மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்தது. தோணிக்காரர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கூடிப் பேசினார்கள். உயிர் குகையிலேயே பிரிந்துவிட்டது என்று முடிவாயிற்று.

விறகு அடுக்கினார்கள். தோணியையே பாடையாக்கினார்கள். பாணர் பாடினார், நல்ல பாட்டு. வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு வந்த நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகப் பூப் போட்டார்கள். ஒருவர்கூட ஒரு சொல்லும் பிசகவில்லை. யாருக்கும் குக்கர் விசில் வரவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிய விளையாட்டு அவர் கண்ணெதிரே, அப்பழுக்கில்லாமல் நடந்துகொண்டிருந்தது. கொள்ளி வைக்கப்பட்டதை அவர் பார்த்தார். அதன் பிறகு பார்க்கவில்லை.

கதவைத் திறந்தவர்கள் தீயணைப்புக்காரர்கள். பின்னாலேயே வாட்ச்மேன், கையைப் பிசைந்துகொண்டு.

"சார் கணக்குப் பார்க்கிறாருன்னு நெனச்சேங்க! நான் என்னத்தைக் கண்டேன்!"

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்து அவருக்குத் தெளிவாகப் பேச்சு வந்தது. கைகள் இரண்டும் பொதியாகக் கட்டுப்போட்டிருந்தன. விரல்கள் எத்தனை மிஞ்சும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி கஞ்சியை ஊட்டினார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு திட்டு.

"ஸ்டாக் எடுக்கணுமாம், ஸ்டாக்கு. வாயைத் திறங்க. உங்களையே ஸ்டாக்ல வெச்சிருப்பாங்க. முழுங்குங்க."

அப்போது கனத்த குரலுள்ள ஒரு பெண் உள்ளே வந்தார். பக்கத்து மாவட்டத்துப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர். கட்டிலருகே நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு, "நான்தான் மீன்காரி," என்றார்.

"நாங்க மீன் வாங்குறதில்லையே," என்றார் மனைவி.

விஷயம் விளங்கியதும் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அன்றைக்கு மீன்காரி கம்பெனியின் எல்லா நம்பருக்கும் மாறி மாறிக் கூப்பிட்டு, யாரும் எடுக்காமல், கடைசியில் சர்க்கரை ஆலை இருக்கும் ஊரைக் கண்டுபிடித்துத் தீயணைப்பு நிலையத்தோடு சண்டை போட்டிருக்கிறார். விளையாட்டில் ஒருத்தர் குளிருதுன்னு சொன்னாரா, சரிதான் போம்மா என்று முதலில் வைத்துவிட்டார்களாம்.

"உங்களை நாடு கடத்தியிருப்பாங்களே," என்றார் சூப்பர்வைசர். "நான் வீட்டுக்குப் போனதும் திரும்ப சேத்துடறேன்."

"உங்களால முடியாது. நீங்க செத்தாச்சு. செத்தவருக்கு அதிகாரம் கிடையாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? இப்போ எல்லாம் கொல்லன் கையில. அவர்கிட்ட வெளியிலேர்ந்து சொல்லிப் பார்த்தேன். 'இதுவும் சோதனைதானே'ன்னு சிரிக்கிறார்." அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தார். "அதுக்காக நான் வரல. மூலிகைக்காரி விஷயமா வந்தேன்."

சூப்பர்வைசருக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆலமரத்தடியில் வேர் விற்கிற மூலிகைக்காரி. நாட்டிலேயே அழகாகப் பேசுகிறவர்.

"போன மழையில அவங்க சொன்னாங்களே," என்றார் மீன்காரி. "வீட்டுக்குள்ள புலி புகுந்துடுச்சு, தினம் வெளியில தாழ் போட்டுட்டுப் போகுது, இன்னைக்கு என் கழுத்தை மோந்து பார்த்துச்சுன்னு. நாம எல்லாம் கைதட்டினோம். நீங்க மாலை போட்டீங்க."

"அவங்க... நல்லா கற்பனை பண்ணுவாங்க."

"அதுக்கப்புறம் வாயே திறக்கல. உருவம் மட்டும் மரத்தடியில உக்காந்திருக்கு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். "யாருங்க அந்தப் பொண்ணு? எந்த ஊரு?"

"தெரியாது. கேக்கக்கூடாது. சட்டம்."

மனைவி கஞ்சிக் கிண்ணத்தையும் ஓரமாக வைத்தார். அவர் திட்டாமல் இருந்து சூப்பர்வைசர் பார்த்ததில்லை. தன் போனை எடுத்தார். மீன்காரி பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். புதிதாக வருகிறவர்களுக்கு நாட்டின் வாசல் எப்போதும் திறந்திருந்தது. வண்டிக்காரி என்ற பெயரில் ஓர் உருவம் சந்தைக்குள் நுழைந்து, இரண்டு சுவரில் முட்டி, ஆலமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. மூலிகைக்காரி வேர்க்கட்டுகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மனைவி ஒற்றை விரலால் எழுதினார். "அம்மா, புலி இன்னும் வீட்டுலதான் இருக்கா?"

 நர்ஸ் வந்து சலைன் பாட்டிலை மாற்றிவிட்டுப் போனார். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரத்தடியில் அந்த உருவம் மெல்ல எழுந்து நின்றது.

"புலியைப் பத்தி உனக்கு யார் சொன்னது?"

"இது அவங்க இல்ல," என்றார் மீன்காரி. ஒலிபெருக்கிக்குப் பழகிய அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது.

உருவம் வண்டிக்காரிக்கு அருகே ஓர் அடி நகர்ந்து வந்தது.

"அவ உன்கிட்ட வேற என்னல்லாம் சொன்னா?"

மனைவி போனைக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தார். 

"சட்டம் போட்டவர் சொல்லுங்க. இவனுக்கு நான் என்ன எழுதட்டும்?"